பாத்துப்போட்டேனுங்க

அம்மணிக்கு,

நலமா என்று ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிடப் போகிற மகளுக்கு எதற்கு ஒரு கடிதம் என்று நீ கேட்பாய். எதிரே உட்கார்ந்தால் நான் சொல்லமாட்டேன், அதுதான் காரணம். ஏழு வருடமாக எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், "கொஞ்சம் ரசம் ஊத்து கண்ணு" என்று வரும். நீயும் ஊற்றிவிட்டுப் போவாய். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் இதைச் சொல்லாமல் உன்னை அனுப்பினால் நான் மனிதனே இல்லை. கடிதத்தை ஒட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் எல்லோருமே படிக்க வேண்டிய விஷயம் இது. அவர்களுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதை மட்டும் நீ முடிவு செய்.

அவிநாசியில் மாப்பிள்ளை வீட்டில் நிச்சயம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். உன் மாமியாராகப் போகிறவர் ஆசையாகக் கேட்டார். "ஏனுங்க அம்மணி, நீங்க பிளேனெல்லாம் ஓட்டினீங்களாமா? நெசமாலுமா?" நீ சிரித்துக்கொண்டே, "ஓட்டினேனுங்க அத்தை, ஆனா கருவி பாக்கத்தான் எனக்குத் தெரியலீங்க. டெஸ்ட்டுல நல்லா ஊத்திக்கிச்சு" என்றாய். கூடமே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு டெஸ்ட்டுக்கா விட்டுப்போட்டீங்க? மறுக்கா எழுதியிருக்கலாமே" என்றார். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. "அந்தக் கருவியச் சரி பண்ணிக் குடுத்ததே எங்கப்பாங்க. அவரு கை தப்பாதுங்க. அப்ப தப்பு எம்மேலதானுங்களே? அவரே சொல்லிப்போட்டாரு, உனக்கு அது வராது கண்ணுன்னு." மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, நீட்டிய தட்டிலிருந்து இன்னொரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சே!

என் கை தப்பியது அம்மணி. அன்று நீ தப்பு செய்யவில்லை. நான் செய்தேன். முழுவதையும் சொல்கிறேன், அவசரப்படாமல் படி.

உனக்குப் பத்தொன்பது வயதில் பறக்கும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாய். நான் அப்போது பீளமேட்டில் அந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். சின்ன விமானங்களின் கருவிகளைக் கழற்றி, துடைத்து, சரிசெய்து, சீட்டுக் கட்டி அனுப்புவது எங்கள் வேலை. உன் பள்ளியின் கருவிகளும் எங்களிடம்தான் வரும். நீ படிக்க ஆரம்பித்த புதிதில், பழுதாகிக் கழித்துப்போட்ட இரண்டு டர்ன் இண்டிகேட்டர்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? அம்மா சோற்றுப் பாத்திரத்தை வைக்க இடமில்லை என்று திட்டத் திட்ட, சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உனக்குக் காட்டினேன். விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்வதுதான் இரண்டுக்கும் வேலை. பழையதில் நடுவில் ஒரு ஊசி நிற்கும். விமானத்தின் மூக்கு இடதுபக்கம் திரும்பினால் ஊசி இடதுபக்கம் சாயும், வலதுபக்கம் திரும்பினால் வலதுபக்கம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது. புதியதில் ஊசிக்குப் பதில் பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு குட்டி விமானம். உள்ளே பம்பரமாகச் சுற்றும் சக்கரத்தைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருப்பதால், விமானம் சாய ஆரம்பித்ததுமே இந்தக் குட்டி விமானமும் சாய்ந்துவிடும். திரும்பப் போகிறாய் என்று முந்திச் சொல்லும். ஆனால் படத்தைப் பார்த்து, நம் விமானம் இவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அது சாய்வை அளக்கிற கருவி இல்லை. மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதும் அதற்குத் தெரியாது, தெரியாது என்று அதன் முகத்திலேயே எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் அடியில் வளைந்த கண்ணாடிக் குழாயில் ஒரு குண்டு, விமானம் பக்கவாட்டில் வழுக்கினால் காட்டிக்கொடுக்க. இரண்டிலும் ஓரத்தில் ஒரு கோடு. ஊசியோ இறக்கையோ அந்தக் கோட்டைத் தொட்டு நின்றால், முழுச் சுற்று சுற்றி வர இரண்டு நிமிடம்.

நீ இரண்டையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊசி உங்களாட்டங்கப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில். இது அம்மாவாட்டம், நாம நெனைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிப்போடும்" என்றாய். அடுப்படியிலிருந்து அம்மா, "நான் சொல்லாட்டி இந்த ஊட்டுல எது நடக்கும்?" என்றாள். எதை நம்ப வேண்டும், எதை எவ்வளவு நம்ப வேண்டும் என்று நீ கேட்ட கேள்விகள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பத்து வருடம் இருந்தவர்கள்கூடக் கேட்காதவை. அரை மணி நேரத்தில் உனக்கு விளங்கிவிட்டது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இரண்டையும் குழப்பிக்கொள்கிற பெண் நீ இல்லை என்று எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

நீ பழகியது ஊசி வைத்த பழைய விமானத்தில். பிறகு குட்டி விமானம் வைத்த இன்னொன்றிலும் ஓட்டினாய், அதிலும் நன்றாகவே ஓட்டினாய். தேர்வு அதில்தான் என்று முடிவாகியிருந்தது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அதன் கருவியில் ஏதோ சத்தம் வருகிறது என்று கழற்றி எங்களிடம் அனுப்பினார்கள். பேரிங் போயிருந்தது. மாற்றினேன். மாற்றிய பிறகு, சுழலும் மேடையில் ஏற்றி, சரியான வேகத்தில் சுற்றவிட்டு, ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடச் சுற்றில் இறக்கை கோட்டைத் தொடுகிறதா என்று இடதும் வலதும் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அந்த வாரம் மேடையின் பெல்ட் அறுந்துபோய், புது பெல்ட் வரவில்லை.

பள்ளியிலிருந்து ஒர்க்‌ஷாப் முதலாளிக்குப் போன் வந்தது. அவர் நல்ல மனிதர், யாரையும் அதட்டாதவர். அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அந்த டர்ன் இண்டிகேட்டரப் பாத்துப்போட்டீங்களா? ஆளு வந்து நிக்கறாருங்க" என்றார். நான் தலையை நிமிர்த்தாமலே, "பாத்துப்போட்டேனுங்க" என்றேன்.

பார்க்கவில்லை அம்மணி. நம் ஊரில் வீட்டுக் குழாயடியில் நின்று பல் விளக்கிக்கொண்டே போனில் "வந்துட்டேனுங்க, பக்கத்துலதான் வாரேன்" என்று சொல்வோமே, அதைப் போலச் சொன்னேன். எதிரில் இருப்பவரைக் காக்க வைப்பதும் இல்லை என்று மறுத்துச் சொல்வதும் நமக்கு மரியாதைக் குறைவு. முதலில் ஆச்சு என்று சொல்லிவிட்டு, பிறகு ஓடி ஓடிச் செய்து முடித்து அதை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு. வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சமாளித்திருக்கிறேன். அன்று ஓடிச் செய்ய மேடை இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? கருவிக்கு மின்சாரம் கொடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காலால் உந்தி இடதுபக்கம் ஒரு சுற்று, வலதுபக்கம் ஒரு சுற்று சுற்றினேன். குட்டி விமானம் அழகாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. அசைகிறது, சரி என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். முப்பத்தொரு வருட அனுபவசாலி, ரங்கராட்டினத்தில் குழந்தை உட்காருவது போல உட்கார்ந்து பரிசோதனை செய்தேன். அந்தக் கருவி என் மகள் தேர்வில் ஓட்டப் போகும் விமானத்துக்குப் போகிறது என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

தேர்வில் நடந்ததை நீ எனக்கு அன்று சாயங்காலமே சொன்னாய். வெளியே எதுவும் தெரியாதபடி கண்ணுக்கு மேல் மறைப்பை மாட்டிவிட்டு, மற்ற முக்கியமான கருவிகளையும் அட்டை வைத்து மூடிவிட்டு, இதையும் கடிகாரத்தையும் மட்டும் வைத்து ஒரு நிமிடத்தில் அரைச் சுற்று திருப்பச் சொன்னார் பரிசோதகர். நீ இறக்கையைக் கோட்டில் வைத்துப் பிசகாமல் ஒரு நிமிடம் பிடித்தாய். பிறகு அட்டையை எடுத்துத் திசைகாட்டியைப் பார்த்தால் முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் தாண்டிப் போயிருந்தது. வலதுபக்கம் திருப்பச் சொன்னார். அதுவும் அப்படியே தாண்டியது. மூன்றாவது முறை உனக்கு உன் கண்ணின் மேலேயே நம்பிக்கை போய், கை தடுமாறி, அவர் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஊசியில் பழகிய பெண், புதுக் கருவியைப் படமாகப் பார்க்கிறாள், இரண்டையும் குழப்பிக்கொள்கிறாள் என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டில் என் கையெழுத்து இருக்கும்போது அவர் கருவியை ஏன் சந்தேகிக்கப் போகிறார்?

நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாய். "ரெண்டு பக்கமும் ஒரே அளவு தாண்டுச்சுங்கப்பா. நான் கொழம்பியிருந்தா ஒருக்கா எச்சாவும் ஒருக்கா கம்மியாவும் போயிருக்கோணுமில்லீங்களா?"

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. மனிதர் தடுமாறினால் தாறுமாறாகத்தான் தடுமாறுவார். இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பினால் அது கருவி. அதை என்னைவிட அழகாக நீ கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். நான் என்ன சொன்னேன்? "ஊசியிலயே பழகின கை கண்ணு. இது உனக்கு வராதாட்ட இருக்குது" என்றேன். எவ்வளவு பதமாகச் சொன்னேன் பார். உன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். நான் கத்தியிருந்தால்கூட நீ எதிர்த்துப் பேசியிருப்பாய், சண்டை போட்டிருப்பாய், உண்மை வெளியே வந்திருக்கும். நீ என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்படீங்களாப்பா" என்று மட்டும் சொன்னாய்.

சந்தேகம்தானே, உறுதியாகத் தெரியாதே என்று அடுத்த மூன்று வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மூன்றாவது வாரம் அதே கருவி திரும்பி வந்தது. வேறொரு மாணவனை வைத்து ஓட்டிய பயிற்சியாளர், திருப்பம் கணக்கை மீறுகிறது என்று எழுதி அனுப்பியிருந்தார். அதற்குள் மேடைக்கு பெல்ட் வந்திருந்தது. ஏற்றிச் சுற்றினேன். இறக்கை கோட்டைத் தொட்ட வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு நூற்றிருபது விநாடி ஆக வேண்டும். நூறு விநாடியில் முடிந்துவிட்டது. திறந்து பார்த்தால், சக்கரத்தைச் சுற்றும் மோட்டாருக்கு மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்து, உள்ளே ஒரே கரித்தூள். சக்கரம் முழு வேகத்தில் சுற்றவில்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் கருவி குறைத்துக் காட்டும், ஓட்டுபவர் கோட்டைத் தொட வைக்க விமானத்தை இன்னும் சாய்ப்பார், அது இன்னும் வேகமாகத் திரும்பும். நீ செய்தது எல்லாம் சரி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்கு முப்பத்தாறு டிகிரி கூடுதல் வந்தது. நீ சொன்ன அதே அளவு. இதே கருவியை நம்பி யாராவது மேகத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று அந்த மறைப்புக்குள் இருந்தது நீ.

பிரஷை மாற்றினேன். இந்த முறை ஒழுங்காகச் சோதித்தேன். அட்டையில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதினேன். குறைத்துக் காட்டியது என்று எழுதவில்லை. எழுதினால், முன்பு பார்த்து அனுப்பியது யார் என்று கேட்பார்கள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, பேரோடு போக வேண்டும் என்று ஆசை.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட என்னை ஏதோ ஒரு விதத்தில் மன்னித்துக்கொள்ள முடியும். அதே வாரம் நீ வந்து, "மறுக்கா ஒருக்கா டெஸ்ட்டுக்குப் போகட்டுங்களாப்பா?" என்று கேட்டாய். நியாயமாகப் பார்த்தால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. சரியான கருவியில் நீ பிசகாமல் ஓட்டிக் காட்டினால், போன தடவை மட்டும் என்ன ஆயிற்று என்று எவனாவது ஒருவன் கேட்பான். "எதுக்குக் கண்ணு மறுபடி மனசு நொந்துக்கறது? ஒறம்பரையெல்லாம் வேற ஒரு மாதிரி பேசறாங்க. நல்ல வேலையாப் பாத்துக்கலாம்" என்றேன். உறவுக்காரர் யாரும் ஒன்றும் பேசவில்லை. உன் சித்தப்பா எத்தனை தடவை போன் செய்து, "புள்ள எப்பப் பறக்கறா?" என்று கேட்டார் தெரியுமா? அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. நீ கணபதியில் பம்ப்செட் கம்பெனி வேலைக்குப் போனாய். நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். பெற்ற மகளின் ஆசை மண்ணாய்ப் போனதில் நிம்மதி கண்ட தகப்பனைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? கேள்விப்பட வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன்.

உன்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தபோது சொன்னாள். "அக்கா நெம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க மாமா. டெஸ்ட் பெஞ்சுல மோட்டார் முழு நேரம் ஓடாம சீட்டுல கையெழுத்துப் போடவே மாட்டாங்க. லாரி வாசல்ல நின்னாலும் நிக்கட்டும்னுவாங்க." நான் பத்திரிகையில் மஞ்சள் தடவுகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். ஏற்கெனவே தடவி வைத்த பத்திரிகைக்கு மறுபடி மறுபடி மஞ்சள் தடவினேன்.

புதன்கிழமை உனக்குத் தெரியாமல் உன் பழைய பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்தேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை. பொறுப்பில் ஒரு சின்ன வயது அம்மா இருக்கிறார். நடந்ததையெல்லாம் என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒர்க்‌ஷாப்புக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். முதலாளி படித்துவிட்டு, "என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்றார், அவ்வளவுதான். விசாரணை என்று கூப்பிட்டால் போவேன். பள்ளியில் அந்த அம்மா பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தார். எழுதியதை அழிக்க முடியாதுங்க, தேறவில்லை என்பது தேறவில்லை என்றேதான் இருக்கும் என்றார். வேண்டுமானால் நீ புதிதாக விண்ணப்பிக்கலாமாம். உடல் பரிசோதனை மறுபடி, சில பாடங்கள் மறுபடி, கொஞ்ச நாள் பயிற்சி மறுபடி. வயது ஒரு தடை இல்லை என்றார். படிவத்தை எடுத்து நீட்டினார், நான் வாங்கவில்லை. ஒரு தடவை உன்னை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டேன், இன்னொரு பக்கமாகத் தள்ளவும் எனக்கு உரிமை கிடையாது. உனக்குப் பறக்க ஆசை இருந்தால் நீ போய் வாங்கு. இல்லை, பம்ப்செட்தான் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் நல்ல வேலைதான். எதுவானாலும், எனக்கு வராது என்று நினைத்துக்கொண்டு முடிவெடுக்காதே. மாப்பிள்ளையிடமும் இந்த விஷயத்தைச் சொல். சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால் நான் அவிநாசிக்குப் போய் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து சொல்கிறேன்.

புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. இருந்தாலும் புது வீட்டுக்குப் போகிற மகளுக்கு ஒன்றே ஒன்று. யாராவது உன்னிடம் ரொம்பப் பதமாக, தலையைத் தடவிக்கொண்டு, உனக்கு இது வராது என்று சொன்னால், அது உன் அப்பனாகவே இருந்தாலும், அவர் எதை மறைக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப்பார்.

மணமேடையில் தாரை வார்க்க என் கை வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் தயங்காமல் சொல்லிவிடு. சித்தப்பா வார்க்கட்டும். நான் பந்தியில் இலை போடுகிறேன். கேட்பவர்களுக்கு எனக்கு முழங்கால் வலி என்று சொல்ல மாட்டேன், காரணத்தையே சொல்வேன்.

நேற்று மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள், இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குத் தெரியுமே, அவள் பேசாமல் இருந்தால் அது எப்படிப்பட்ட நாள் என்று. நான் முடித்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கறோம். நம்ம ஊட்டு மேலதான் தெனமும் பிளேன் போவுது. சத்தம் கேட்டா நீங்க அண்ணாந்து பாக்கறீங்க, நான் பாக்கறேன், பக்கத்து ஊட்டுக் கொழந்தைக ஓடியாந்து பாக்குதுக. இந்தப் புள்ள மட்டும் ஏழு வருசமாத் தலையக் குனிஞ்சுக்குவா. துணி காயப்போட்டுட்டிருந்தாலும் குனிஞ்சுக்குவா. நான் ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல, கேட்டா அழுதுபோடுவான்னு. நீங்க அதப் பாத்ததே இல்லீங்களா?"

பார்த்ததில்லை அம்மணி. ஒவ்வொரு தடவையும் நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு
உன் அப்பா